வெளிநாட்டு ஆட்டக்காரரும் நம் ஊர்ப் பையன்களும்

அன்புள்ள தம்பிக்கு,

பாகூரிலிருந்து அண்ணன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. அதில் நீ இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். ஒன்று, சென்னையின் எஃப்சி போன்ற பெரிய கால்பந்து கிளப் பிரேசிலிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் ஆட்டக்காரர்களைக் கொண்டுவருவது சரியா என்பது. இன்னொன்று, பொங்கல் டோர்னமென்டுக்குக் காசு கொடுத்து வெளியாள் இறக்கலாம் என்று வில்லியனூரில் உங்கள் டீமின் பெரியவர்கள் பேசுவது பற்றியது. மைதானத்தில் அது சண்டையாகவே ஆகிவிட்டது என்று எழுதியிருந்தாய். சண்டை போடாமல் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் இது. எனக்குத் தெரிந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு ஆட்டக்காரரை எடுக்கலாம். எடுப்பதற்கு முன் கிளப் தன்னிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். அவர் ஆட்டம் நம்மிடம் இருப்பதைவிட உண்மையிலேயே மேலானதா? அவர் நிற்கும் இடத்தில் நிற்க வேண்டிய நம் பையன் எங்கே போவான்? அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு இங்கே என்ன மிச்சமிருக்கும்? மூன்றுக்கும் நேர்மையான பதில் இருந்தால் தாராளமாகக் கூப்பிடலாம். இல்லையென்றால் அது காசுக்குக் கேடு.

நல்லபடியாக நடந்த ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். அது நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. 2018-19 ஐ-லீக்கில் சென்னை சிட்டி எஃப்சி என்ற அணி கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடியது. கோச் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். அந்த அணி ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்தவர்களில் ஒருவர்கூட டி.வி.யில் நாம் பார்த்த பெயர் கிடையாது. பெட்ரோ மான்ஸி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா ஆகியோர் அங்கே கீழ்மட்ட டிவிஷன்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். சம்பளம் அணியின் கைக்கு அடங்கியது. பந்தைக் காலில் வைத்து நிதானமாகப் பாஸ் கொடுத்து ஆடும் முறை அவர்களுக்குச் சின்ன வயதிலேயே பழகியிருந்தது. அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார் போன்ற நம் பையன்கள் வாரா வாரம் இறங்கி ஆடினார்கள்.

2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டம், மினர்வா பஞ்சாபோடு. ஜெயித்தால் கோப்பை என்ற நிலை. ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கிவிட்டார்கள். இரண்டாம் பாதியில் மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். அடுத்த இரண்டு கோலையும் அஸ்ஸாம்காரரான கௌரவ் போரா போட்டார். 3-1. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, இரண்டாம் இடம் வந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42. மான்ஸி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். ஆனால் கோப்பையை முடித்துவைத்த இரண்டு கோலும் ஒரு இந்தியரிடமிருந்து வந்தவை. இதை உன் நண்பர்களிடம் சொல். வெளிநாட்டவரும் நம்மவரும் ஒருவரையொருவர் தூக்கிவிட்ட அணி அது. அதற்கப்புறம் எட்வின் சென்னையினுக்கும், ரொமாரியோ மோகன் பகானுக்கும் பிறகு எஃப்சி கோவாவுக்கும், அஜித் பெங்களூரு எஃப்சிக்கும் போனார்கள்.

கதையின் மறுபாதியையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதே 2019-இல் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் அந்த கிளப்பில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. மான்ஸி 2020 தொடக்கத்தில் ஜப்பானுக்குப் போய்விட்டார். 2020-21 சீசனுக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடவே இல்லை. கோப்பை வென்று மூன்று வருடம்கூட ஆகவில்லை! கோப்பையும் வெளிநாட்டுப் பங்காளியும் சேர்ந்தும் ஒரு கிளப்பை நிலைநிறுத்திவிட முடியாது. என் மூன்றாவது கேள்வி இங்கிருந்துதான் வந்தது.

இப்போது சென்னையின் ஆடும் ஐ.எஸ்.எல்., அதாவது இந்தியன் சூப்பர் லீக். 2014-இல் அது தொடங்கியபோது இத்தாலியின் டெல் பியரோ டெல்லிக்கும், பிரான்ஸின் ராபர்ட் பிரெஸ் கோவாவுக்கும், டேவிட் ட்ரெஸெகே புனேவுக்கும் வந்தார்கள். உச்ச காலம் முடிந்த நட்சத்திரங்கள். கூட்டம் வந்தது, டி.வி. வந்தது. ஒரு புது லீக்கை ஊருக்கு அறிமுகம் செய்ய அது உதவியது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு கிளப்புக்கு உண்மையில் உதவுபவர்கள் வேறு மாதிரி ஆட்கள். 2015-இல் சென்னையின் எஃப்சி முதல் கோப்பை வென்றபோது 13 கோல் அடித்தவர் கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோஸா. அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயதுதான். 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் இரண்டாவது கோப்பை வென்றபோது பிரேசில்காரர் மைல்சன் ஆல்வ்ஸ், டிஃபெண்டராக இருந்தும் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார். அந்த சீசனில் அதே அணியின் நடுக்களத்தில் நின்றவர்களில் வியாசர்பாடியிலிருந்து வந்த தன்பால் கணேஷும் ஒருவர். பக்கத்தில் ரஃபேல் அகஸ்டோ போன்ற ஒரு பிரேசில் ஆட்டக்காரர் இருந்தால் ஒரு மிட்ஃபீல்டர் தினமும் பயிற்சியில் என்னென்ன பார்த்துக் கற்றுக்கொள்வான் என்று யோசித்துப் பார்.

அப்படியென்றால் குறை எங்கே? என் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. 2014 முதல் 2024-25 வரை பதினொரு ஐ.எஸ்.எல். சீசன். ஒவ்வொன்றிலும் அதிகக் கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட்டை வாங்கியவர் வெளிநாட்டவர். எலானோ, மெண்டோஸா, மார்செலினோ, இரண்டு முறை கோரோ, நம் சென்னையினுக்கு ஆடிய லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ், அப்படியே வந்து 2024-25-இல் 23 கோல் அடித்த மொராக்கோவின் அஜாரை வரை ஒரு இந்தியப் பெயர்கூட இல்லை. அந்த சீசனில் இந்தியர்களில் அதிகக் கோல் அடித்தவர் சுனில் சேத்ரி, 14 கோல். அவருக்கு அப்போது வயது நாற்பது. 2024 ஜூனில் இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்றவரை 2025 மார்ச்சில் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறாமல் போனோம்.

காரணம் பலது உண்டு. ஆனால் ஒன்று கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. கோல் அடிக்கும் இடம்தான் ரொம்பக் கடினம், ரொம்ப விலையும். அதனால் பெரும்பாலான கிளப்புகள் வெளிநாட்டவருக்கான காசை அந்த இடத்தில்தான் போட்டன. நம் ஸ்ட்ரைக்கர்களில் பலர் விங்கில் ஓடினார்கள், இல்லாவிட்டால் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மேட்சில் பெனால்டி பாக்ஸுக்குள் நின்று பழகாதவனுக்கு, நாட்டுக்காக ஆடும் நாளில் மட்டும் அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? விதிகள் மெல்ல மாறின. ஆரம்பத்தில் பதினொரு பேரில் ஆறு பேர் வரை வெளிநாட்டவர் இருக்கலாம் என்று இருந்தது. 2017-18-இல் அது ஐந்தாகவும், 2021-22-இல் நான்காகவும் குறைந்தது. எண்ணிக்கையைக் குறைத்தது நல்லது. ஆனால் அந்த நான்கு பேரும் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பதை விதி சொல்லாது, கிளப்தான் முடிவு செய்ய வேண்டும்.

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று இரண்டு உதாரணம் சொல்கிறேன். 1991-இல் பிரேசிலின் ஜீக்கோ ஜப்பானில் கஷிமா என்ற சின்னத் தொழில் நகரத்து கம்பெனி அணிக்கு வந்தார். அப்போது அது இரண்டாம் டிவிஷன் அணி. ஆட்டத்தோடு நின்றுவிடாமல், தொழில்முறை ஆட்டக்காரன் எப்படி இருக்க வேண்டும் என்பதையே அந்தப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1993-இல் ஜே-லீக் தொடங்கியது. கஷிமா ஆன்ட்லர்ஸ் இன்று அந்த லீக்கில் அதிகக் கோப்பை வென்ற அணி. ஜப்பான் 1998-இல் முதல் முறையாக உலகக் கோப்பை ஆடியது, அதற்குப் பிறகு ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. மறுபக்கம் சீனா. ஜியாங்சு அணி 2016-இல் பிரேசிலின் அலெக்ஸ் டெய்ஷேராவை 5 கோடி யூரோவுக்கு வாங்கியது. 2020-இல் சீன லீக் கோப்பையை வென்றது. அடுத்த சில மாதங்களில், 2021 பிப்ரவரியில், முதலாளி கம்பெனிக்குக் காசு இல்லாமல் அந்த அணியே மூடப்பட்டது.

‘அப்படியானால் வெளியாளே வேண்டாமே’ என்று உன் நண்பன் கேட்பான். ஸ்பெயினில் அத்லெட்டிக் பில்பாவோ பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களையும் அங்கே ஆட்டம் கற்றவர்களையும் மட்டுமே வைத்து ஆடுகிறது. 1929-இல் லீக் தொடங்கியது முதல் ஒரு முறைகூட முதல் டிவிஷனிலிருந்து இறங்கியதில்லை. அதைப் பார்த்து ஆசைப்படலாம். ஆனால் அங்கே சிறுவர் அணியிலிருந்து மேல் அணி வரை படிப்படியாக ஏற்பாடு இருக்கிறது. அது இல்லாமல் கதவை மட்டும் சாத்தினால் ஆட்டம் தேங்கிப்போகும். இந்தியர்களை மட்டுமே ஆடவைத்த மோகன் பகானே 1991-இல் நைஜீரியாவின் சீமா ஒகோரியை எடுத்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். வெளிநாடு என்ற சொல் புதுச்சேரியில் கொஞ்சம் வேறு மாதிரி. 1962 ஆகஸ்ட் 16 அன்று பிரெஞ்சு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பல குடும்பங்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டன. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலும் சொல்தா வீடுகள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பேரன் பாரிஸ் பக்கத்தில் ஒரு கிளப்பில் ஆட்டம் கற்று இங்கே லீக்குக்கு வந்தால், தாத்தாவின் ஊர் எதுவானாலும் அவன் வெளிநாட்டு ஆட்டக்காரன்தான். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்தான் இந்திய அணிக்கு ஆட முடியும், இரட்டைக் குடியுரிமையும் கிடையாது. பெங்களூரு எஃப்சியின் ரையன் வில்லியம்ஸ் 2025-இல் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டுத்தான் இந்தியராக முடிந்தது. ஆகவே ஆட்டக்காரர் எந்த நாடு என்பதை வைத்து யாரையும் தாழ்வாகவோ உயர்வாகவோ பேசாதே. அவர் ஆட்டத்தைப் பார், அவரால் அணிக்கு என்ன வரும் என்று பார். நிறத்தை வைத்துக் கூச்சலிடுபவர்கள் பக்கத்தில் நிற்கவே நிற்காதே.

உங்கள் பொங்கல் டோர்னமென்ட் விஷயம். கேரளத்தில் மலப்புரம் பக்கம் செவன்ஸ் ஆட்டத்தில் நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட் ஆட்டக்காரர்கள் பல வருடமாக ஆடுகிறார்கள். அங்கே டிக்கெட் வாங்கிப் பார்க்கும் கூட்டம் இருக்கிறது, சீசன் முழுக்க ஆட்டம் இருக்கிறது, ஆட்டக்காரருக்குக் கூலி கிடைக்கிறது. உங்கள் டீமுக்கு அந்த வரும்படி இல்லை. இரண்டு நாள் ஆட்டத்துக்கு வசூல் செய்த பணத்தை வெளியாளிடம் கொடுத்தால், ஜெயித்தாலும் பரிசுப் பணம் அவர்கள் கூலிக்கே போகும். தோற்றால் அடுத்த வருடம் பந்து வாங்கவும் கையில் இருக்காது. வருடம் முழுக்கக் காலையில் ஓடிய பையன்கள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கைதட்டுவார்கள். என் மூன்று கேள்வியில் முதலாவதற்கு ‘ஆம்’ என்று பதில் வந்தாலும், மற்ற இரண்டிலும் இந்த யோசனை தோற்றுவிடுகிறது.

பெரியவர்களிடம் நீ மரியாதையாக ஒரு மாற்று யோசனை சொல். அதே பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் லீக் ஆடிய அனுபவமுள்ள ஒருவரை விடுமுறையில் கோச்சாகக் கூப்பிடுங்கள். புதுச்சேரிக் கல்லூரிகளில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் நன்றாக ஆடுபவர் கிடைத்தாலும் அழைத்து வாருங்கள், ஆனால் பயிற்சிக்கு. ஒரு மாதம் அவரோடு எதிரெதிராக ஆடிப் பழகிய டிஃபெண்டர் அதற்குப் பிறகு யாருக்கும் பயப்பட மாட்டான்.

இன்னொரு வேலை, இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். டீமைச் சங்கத்தில் முறையாகப் பதிவு செய்யுங்கள். ஃபிஃபா விதிப்படி ஒரு ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலத்தில் ஒரு நாட்டு கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்குப் பணத்துக்கு மாறும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு சீசனுக்கும் கால் சதவீதம், அதற்கு மேல் ஒவ்வொரு சீசனுக்கும் அரை சதவீதம். ஒரு கோடி ரூபாய்க்கு ஒருவன் மாறினால், அவனை அந்த முதல் நான்கு வருடம் வளர்த்த கிளப்புக்கு ஒரு லட்சம் ரூபாய் சேர வேண்டும். பதிவே இல்லாத டீமுக்கு ஒன்றும் வராது. இந்தியர்கள் வெளிநாட்டுக்கு ஆடப் போவது இன்று குறைவு. ஆனாலும் பைச்சுங் பூட்டியா 1999-இலேயே இங்கிலாந்தின் பரி கிளப்புக்குப் போனவர். மனீஷா கல்யாண் 2022-இல் சைப்ரஸின் அப்போலோனுக்காக ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் இறங்கினார். ஆட்டக்காரர் அங்கிருந்து இங்கே மட்டும்தான் வர வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

உங்கள் டீமில் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள். பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடலூரிலிருந்து கிளம்பிய இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர். நம் கொம்யூன்களிலிருந்து அப்படியொரு பிள்ளை வர முடியாது என்று நான் நம்ப மாட்டேன்.

சென்னையின் எஃப்சி அடுத்த முறை வெளிநாட்டு ஆட்டக்காரரை எடுக்கும்போது, அவர் பெயரைப் பார்த்து கைதட்டுவதற்கு முன் அந்த மூன்று கேள்வியையும் கேட்டுப் பார். பொங்கலுக்கு உங்கள் டீம் வில்லியனூர்ப் பையன்களோடு மட்டும் இறங்கட்டும். தோற்றாலும் பரவாயில்லை. வசூலில் மிஞ்சும் பணத்தில் பதிமூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குப் பந்தும் பூட்ஸும் வாங்கி, தை மாதமே அவர்கள் பெயரைப் பதிவு செய்யுங்கள். இதை நீயே முன்னின்று செய்.

அன்புடன்,
உன் அண்ணன்,
பாகூர்.