வாரந்தோறும் ஓர் உலக நோக்கு

செய்தி அறிதல் வேறு; செய்தியின் பொருள் அறிதல் வேறு. இன்ன இடத்தில் இன்னது நிகழ்ந்தது என்று கேட்பது முன்னையது. அஃது ஏன் நிகழ்ந்தது, யாரைப் பாதிக்கும், இனி யாதாகும் என்று ஆராய்வது பின்னையது. முன்னையதற்கு ஒரு நொடி போதும்; பின்னையதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும். இவ்வேறுபாட்டை உணர்ந்தோர் தொலைக்காட்சியில் வகுத்த முறையே வாரந்தோறும் நாட்டு நடப்பையும் உலக நடப்பையும் விளக்கும் நிகழ்ச்சியாகும். அதன் வரலாற்றை, சிறப்பாக நம் நாட்டில் அது தோன்றி வளர்ந்து மங்கிய வகையை, ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

வாரம் என்னும் கால எல்லை நம்மவர்க்குப் புதிதன்று. சேலம் நாமக்கல் சமவெளியில் செவ்வாய்ப்பேட்டை, புதன்சந்தை எனக் கிழமையின் பெயரையே தம் பெயராகக் கொண்ட இடங்கள் இன்றும் உள. வாரச்சந்தைக்கு வந்தோர் மாட்டையும் தானியத்தையும் மட்டும் கைமாற்றவில்லை. அயலூர்ச் செய்திகளையும் கொண்டு கொடுத்தனர். இடைநாட்களில் செவிப்பட்ட வதந்தி சந்தையில் பலர் வாயிற் பட்டு, மெய் இது, பொய் இது எனத் தெளிவுறும். வார நிகழ்ச்சியின் பயனும் இத்தகையதே.

மேனாட்டில் தோற்றம்

அமெரிக்காவில் எட்வர்டு மர்ரோ என்னும் பத்திரிகையாளர் 1951 நவம்பர் 18ஆம் நாள் ‘சீ இட் நௌ’ என்னும் வார நிகழ்ச்சியைத் தொடங்கினார். செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி பலரையும் பொதுவுடைமைக் கட்சியினர் என்று குற்றஞ்சாட்டி நாட்டை அச்சுறுத்திய காலம் அது. 1954 மார்ச்சு 9ஆம் நாள் மர்ரோ அச்செனட்டரின் பேச்சுக்களையே தொகுத்துக் காட்டி, அவற்றின் முரண்பாடுகளை வெளிப்படுத்தினார். அவ்வாண்டு டிசம்பரில் செனட் சபையே மெக்கார்த்தியைக் கண்டித்தது. பல நாள் தேடித் தொகுத்த சான்றுக்கு எத்துணை வலிமை உண்டு என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனத்தார் 1953இல் தொடங்கிய ‘பனோரமா’ 1955 முதல் வார நிகழ்ச்சியாயிற்று. நீண்ட புகழுடைய அந்நிகழ்ச்சிக்கும் ஓர் இழுக்கு நேர்ந்தது. 1995இல் இளவரசி டயானாவின் பேட்டியைப் பெறுதற்கு வஞ்சக முறை கையாளப்பட்டது என்று 2021ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை கூறிற்று. ஆகவே காலம் மட்டும் இருந்தாற் போதாது. வாய்மையும் வேண்டும் என்பது தெளிவு.

நம் நாட்டில்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15ஆம் நாள் டில்லியில் சோதனை முறையிலே தொடங்கிற்று. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் பிறந்தது. 1976இல் தூர்தர்ஷன் வானொலியினின்று பிரிந்து தனி நிறுவனமாயிற்று. எனினும் அஃது அரசாங்கத்தார் கையிலேயே இருந்தமையால், செய்தி அறிக்கையில் தனியார்க்கு இடமில்லை.

இந்நிலையில் 1988இல் பிரணாய் ராய், ராதிகா ராய் தம்பதியரின் என்.டி.டி.வி. நிறுவனம் தயாரித்த ‘தி வேர்ல்டு திஸ் வீக்’ என்னும் நிகழ்ச்சி, தூர்தர்ஷனில் வெள்ளிதோறும் இரவில் ஒளிபரப்பாகத் தொடங்கிற்று. உள்நாட்டுச் செய்தியைத் தனியார் தொடலாகாது. வெளிநாட்டுச் செய்தியாயின் கூறலாம் என்பதே அவர்க்குக் கிடைத்த இசைவின் எல்லை.

காலமும் அதற்கு வாய்த்தது. 1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது. 1990 பிப்ரவரி 11இல் நெல்சன் மண்டேலா 27 ஆண்டுச் சிறைவாசத்தின்பின் விடுதலையானார். 1991 டிசம்பரில் சோவியத்து ஒன்றியம் கலைந்தது. இவையெல்லாம் அந்நிகழ்ச்சி நடந்த காலத்தே நிகழ்ந்தவை.

தொலைநாட்டுச் செய்தியால் நமக்கென்ன பயன் என வினவுவாரும் உளர். 1990 ஆகஸ்டு 2இல் ஈராக்குப் படை குவைத்தினுட் புகுந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியது. நம் நாடோ எண்ணெயைப் பெரிதும் இறக்குமதி செய்வது. டீசல் விலை ஏறினால் லாரித் தொழிலால் வாழும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களில் வாடகைக் கணக்கு மாறும். அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றி, 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பே குறைக்கப்பட்டது. குவைத்தில் நிகழ்ந்ததற்கும் நம் ஊர்ப் பட்டறைக்கும் உள்ள இத்தொடர்பை ஒருவரிச் செய்தி உணர்த்தாது. இருந்து விளக்குவோரே உணர்த்துவர்.

இரு குறைகள்

அந்நிகழ்ச்சிக்கு இரு குறைகள் இருந்தன. ஒன்று, அஃது ஆங்கிலத்தில் அமைந்தமை. கல்லூரி மாணாக்கர்க்கு அதனால் மொழிப்பயிற்சியும் உலக அறிவும் ஒருங்கே கிட்டின. உழவர்க்கும் நெசவாளர்க்கும் அது படக்காட்சியாகவே நின்றது. மற்றொன்று, உள்நாட்டு நடப்பு அதற்கு விலக்காயிருந்தமை. உலகை நோக்கிய சாளரம் திறந்திருக்க, வீட்டின் உள்ளறையோ பூட்டிக் கிடந்தது.

விரைவின் வருகை

அப்பூட்டு மெல்லத் திறந்தது. 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தமிழில் தொடங்கிற்று. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒலிபரப்பு அலைகள் பொதுமக்களின் உடைமை என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டே என்.டி.டி.வி. தூர்தர்ஷனில் அன்றாடச் செய்தி வழங்கலாயிற்று. 1998இல் ஸ்டார் நியூஸ் அலைவரிசைக்காக நாள் முழுதும் செய்தி தயாரித்தது. தமிழிலும் அத்தகைய அலைவரிசைகள் பின்னர்த் தோன்றின. வார நிகழ்ச்சியோ 1990களின் நடுவிலேயே நின்றுபோயிற்று.

சுதந்திரம் பெருகியது நன்மையே, ஐயமில்லை. ஆயினும் பேசும் உரிமை வந்தபோது ஆராயும் அவகாசம் போயிற்று. முன்பு காலம் இருந்தது, உரிமை இல்லை. இப்பொழுது உரிமை உண்டு, காலம் இல்லை. நொடிதோறும் வரும் செய்திகள் யாவும் ஒரே உரத்த குரலில் வருதலால், பெரியது எது, சிறியது எது என்னும் அளவு மயங்குகின்றது.

மாணாக்கர் கடமை

அவ்வளவைத் தருவது இனி நம் கையில் உள்ளது. வாரத்தில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்குக. அவ்வாரத்துச் செய்திகளுள் மூன்றைத் தேர்ந்து, இதற்குச் சான்று யாது, காரணம் யாது, நம் ஊருக்கு இதனால் வருவது யாது என்று வினவுக. கண்ட விடையை நல்ல தமிழில் வீட்டிலுள்ளோர்க்கும் அயலார்க்கும் எடுத்துரைக்க. அந்த ஆங்கில நிகழ்ச்சி எட்டாத திண்ணைக்கு உலகச் செய்தியின் பொருளைக் கொண்டு சேர்ப்பது கற்றவர் பட்ட கடன்; அதனைத் தீர்க்க வாரத்தில் ஒரு மாலை போதும்.