மெயின் பெட்டியின் உயரம்: ஒரு பாதுகாப்புப் பாடம்

நெசவாளரின் இல்லத்திற்கும் விவசாயியின் மோட்டார்க் கொட்டகைக்கும் மின்சாரம் இன்றியமையாததாகி விட்டது. அதனை அடக்கி ஆளும் இடமோ சுவரில் பொருத்திய ஒரு சிறு பெட்டி. மெயின் சுவிட்சும், பழைய பியூஸ் கட்டைகளோ இக்காலத்து எம்.சி.பி. விசைகளோ அதனுள் இருக்கும். வீடு கட்டுவோர் தலைவாசல், சன்னல், அடுப்படி ஆகியவற்றின் இடத்தைப் பலமுறை ஆலோசித்து முடிவு செய்கின்றனர். இப்பெட்டியின் உயரத்தை மட்டும் கம்பி இழுக்க வந்தவரின் விருப்பத்திற்கு விட்டுவிடுகின்றனர். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழும் நம் அங்கத்தினர்களுக்கு இது ஏற்றதன்று. அதன் காரணத்தை இப்பாடத்தில் ஆராய்வோம்.

விதி கூறுவது யாது?

கட்டடங்களில் மின்கம்பி அமைப்பது பற்றிய இந்தியத் தர விதித்தொகுதிக்கு எண் 732. அதன் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பு இரண்டு எல்லைகளை வகுத்தது. சுவிட்சுப் பலகையின் அடிப்பாகம் தரையிலிருந்து 1.25 மீட்டருக்குக் கீழே இருத்தலாகாது என்பது முதலாவது. பியூஸ்களை மாற்ற வேண்டிய பகிர்வுப் பெட்டி 2 மீட்டருக்கு மேலே போகலாகாது என்பது இரண்டாவது. அடிக்கணக்கில் சொன்னால், கீழெல்லை நாலடி ஓரங்குலம். மேலெல்லை ஏறத்தாழ ஆறடி ஏழங்குலம். இத்தொகுதி 2019-ல் திருத்தப்பெற்றது. எனினும் இவ்விரு எல்லைகளுக்கும் அடிப்படையான காரணங்கள் இன்றும் மாறவில்லை.

பிற நாடுகளும் இதே வழியில்தான் சிந்தித்துள்ளன. அமெரிக்க மின்சார விதியின்படி, விசையின் கைப்பிடி மிக உயர்ந்த நிலையில் இருக்கும்போதும் 2 மீட்டரளவைத் தாண்டலாகாது. இங்கிலாந்தில் புது வீடுகளின் பெட்டி விசைகள் 1.35 முதல் 1.45 மீட்டர் உயரத்திற்குள் அமைய வேண்டும் என்று கட்டட வழிகாட்டி கூறுகிறது. முதியோரும் உடல் ஊனமுற்றோரும் எளிதில் எட்டிப் பயன்படுத்த வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இரு எல்லைகளின் காரணம்

தவழும் குழந்தையும் ஓடியாடும் சிறுவனும் தொடாதிருக்கவே கீழெல்லை. ஆபத்து நேரத்தில் வீட்டிலுள்ள பெரியவர் எவரும் முக்காலி தேடாமல் விசையை அணைக்கவே மேலெல்லை. ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்மணி கையை உயர்த்தினால் ஆறடிக்குச் சற்று மேல்தான் எட்டும். கணவர் வயலில் இருக்கும்போது வீட்டில் கம்பி எரிந்தால் விசையை அணைக்க வேண்டியவர் அவரே. ஆகவே உயரத்தை அளக்க வேண்டியது வயர்மேனின் கையைக் கொண்டன்று. இல்லத்திலுள்ள பெரியவர்களுள் குள்ளமானவரின் கையைக் கொண்டேயாம்.

விதியில் ஒரு விலக்கும் உண்டு. பெட்டியின் முன்புறம் முழுதும் கதவால் மூடப்பட்டிருந்தாலும், உரிமை பெற்றவர் மட்டுமே நுழையும் இடமாக இருந்தாலும், 1.25 மீட்டருக்குக் கீழேயும் அமைக்கலாம். இவ்விலக்கு நம் ஊர்களுக்குப் பொருந்தாது. கதவு குழந்தையைத் தடுக்கும், வெள்ளத்தைத் தடுக்காது.

வெள்ளக் கோடு

2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அப்போது புதுச்சேரியில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அடுத்த சில நாட்களில், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களுக்குள் புகுந்தது. வில்லியனூரை அடுத்து ஓடும் சங்கராபரணியும் வீடூர் அணை நிரம்பித் திறக்கப்படும் காலங்களில் கரை புரள்கிறது.

ஆதலின் நமக்கு மூன்றாவது எல்லை ஒன்றும் உண்டு. அதுவே வெள்ளக் கோடு. இதுவரை கண்ட வெள்ளங்களில் நீர் எம்மட்டம் வரை நின்றது என்பதை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டறிந்து சுவரில் கோடிட்டு வைக்க வேண்டும். பெட்டியின் அடிப்பாகம் அக்கோட்டிற்குத் தாராளமாக மேலே இருத்தல் வேண்டும். உதாரணமாக, நீர் தரைக்கு மேல் இரண்டடி நின்ற வீட்டில், பெட்டியின் அடியை ஐந்தடியில் வைத்து, மேல் விசை ஆறடிக்குள் முடியுமாறு அமைக்கலாம். இவ்வாறு செய்தால் குழந்தைக்கும் வெள்ளத்திற்கும் எட்டாது, தாய்க்கு எட்டும்.

ஆனால் பெட்டி உயரத்தில் இருப்பது மட்டும் போதாது. பிளக்குத் துளைகள் தாழ்வாகவே இருக்கும். ஆகவே நீர் வாசற்படியை நெருங்குமுன்னரே மெயினை அணைத்துவிட வேண்டும். நீரில் நின்றுகொண்டு பெட்டியைத் தொடலாகாது. நீரில் மூழ்கிய எம்.சி.பி.யை வெயிலில் உலர்த்தி மீண்டும் பொருத்துவது பேராபத்து. அதனை மாற்றியே ஆக வேண்டும். வெள்ளம் வடிந்த பின், உரிமம் பெற்ற வயர்மேன் சோதித்துப் பார்த்த பிறகே மின்சாரம் விட வேண்டும்.

இடத்தைத் தேர்தல்

உயரத்தைப் போன்றே இடமும் முக்கியம். குளியலறை, கழிப்பறை, சமையலறை ஆகியவற்றிலும், அடுப்பிற்கும் கழுவும் தொட்டிக்கும் மேலும் சுவிட்சுப் பலகையை அமைப்பதை விதி தடுக்கிறது. அதே காரணத்தால் சாயத் தொட்டியின் அருகிலும் வைக்காதிருப்பதே நன்று. குழித்தறி உள்ள வீட்டில் உயரத்தைக் குழியின் அடியிலிருந்து அளக்காமல், நடமாடும் தரையிலிருந்து அளக்க வேண்டும். பஞ்சுத்தூசு படியும் தறிக்கூடத்தில் மூடியில்லாத பலகை தீக்கு வழி செய்யும்.

பலகையின் முன் ஒரு மீட்டர் அகலத்திற்குத் தடையற்ற இடம் வேண்டும் என மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. சங்கக் கிடங்குகளில் நூல் சிப்பங்களையும் உர மூட்டைகளையும் அடுக்குவோர் இதனைக் கவனிக்க வேண்டும். எத்தனை சரியான உயரத்தில் இருந்தாலும், மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்த விசையால் பயனில்லை.

மோட்டார்க் கொட்டகையில் விவசாயி ஈரக் காலுடன் நிற்கிறார். ஸ்டார்ட்டர் பெட்டியையும் வெள்ளக் கோட்டிற்கு மேலேயே பொருத்துக. அதன் உலோக உறை நிலத்தொடர்பு பெற்றிருத்தல் அவசியம். வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் காப்பு விசை பெட்டியினுள் இருத்தல் நலம். எம்.சி.பி. பெரும்பாலும் கம்பியைக் காப்பது, ஆர்.சி.சி.பி. மனிதரைக் காப்பது.

கூட்டாகச் செய்ய வேண்டியவை

தனி ஒருவர் வயர்மேனை அழைத்துப் பெட்டியை இடம் மாற்றுவது செலவாகத் தோன்றலாம். ஒரு தெருவைச் சேர்ந்த அங்கத்தினர்கள் ஒன்றுகூடி, ஒரே வாரத்தில் எல்லா வீடுகளையும் சோதிக்க ஏற்பாடு செய்தால் செலவும் அலைச்சலும் குறையும். புதிய தறிக்கூடத்திற்கோ கிடங்கிற்கோ வரைபடம் வந்தால், அதில் மெயின் பெட்டியின் உயரம் எழுதப்பட்டுள்ளதா என்று நிர்வாகக் குழுவினர் கேட்க வேண்டும்.

பயிற்சி

1. உங்கள் வீட்டுப் பெட்டியின் அடி தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் உள்ளது? அதன் மேல் விசை எத்தனை அடி?

2. வெள்ளக் கோடு எங்கே? பெட்டி அதற்கு எவ்வளவு மேலே உள்ளது?

3. வீட்டிலுள்ள பெரியவர் ஒவ்வொருவரும் எதன்மீதும் ஏறாமல் மெயினை அணைக்க முடிகிறதா? ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுக.

விடைகளைக் குறித்து வைத்து, அடுத்த சங்கக் கூட்டத்திற்குக் கொண்டு வருக. மழைக்காலம் தொடங்குமுன் எந்தெந்த வீடுகளில் பெட்டியை உயர்த்த வேண்டும் என்பதை அக்கூட்டத்திலேயே முடிவு செய்யலாம்.