ஆப்பிள் கொய்யும் முறை

நம் திருவொற்றியூர்த் தெருக்களில் ஆப்பிளை விலைக்கு வாங்கும் நாம், அதனை மரத்தினின்று கொய்தறியோம். நீண்ட குளிர்காலத் துயிலின் பின்னரே அம்மரம் நன்கு பூக்குமாதலின், நமது கடற்கரை வெப்பம் அதற்கு ஏலாது. 1904ஆம் ஆண்டு தொழுநோயர்க்குத் தொண்டாற்ற இந்தியா போந்த அமெரிக்கர் சாமுவேல் ஸ்டோக்ஸ், சிம்லா மலைநாட்டுக் கோட்கரில் குடியேறி, 1916ஆம் ஆண்டளவில் தம் நாட்டு ஆப்பிள் கன்றுகளை நட்டார். அம்மலை உழவர்க்கு அதுவே வாழ்வாயிற்று.

அப்பகுதித் தோட்டங்கள் சிலவற்றில் ஆகஸ்டு, செப்டம்பர்த் திங்களில் விருந்தினரும் கனி கொய்வர். அவர் ஒன்றறிதல் வேண்டும்: கனியைப் பற்றி இழுத்தலாகாது. உள்ளங்கையில் தாங்கி, மெல்ல மேல்நோக்கித் திருப்பின், முதிர்ந்த கனி காம்போடு கழன்றுவரும். இழுப்பின் குறுங்கிளையும் உடன் ஒடியும். வரும் ஆண்டின் மொட்டோ அக்கிளையிலேயே உறைகின்றது. நண்பர்காள், இன்று கொய்யும் கை நாளை கொய்வார் பங்கினையும் காத்தல் கடனன்றோ?