தோசைக்கல்லில் சுட்ட காய் சீஸ் சாண்ட்விச்

கீழ்பென்னாத்தூரில் திருவண்ணாமலைக்கோ செஞ்சிக்கோ காலையில் பேருந்து பிடிக்க வேண்டிய வீடுகளில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. ஓவன், கிரில் எதுவும் வேண்டாம், தோசைக்கல்லே போதும். இரண்டு சாண்ட்விச்சுக்கு நறுக்கிய காய் ஒன்றரை கப், பிரெட் 4, சீஸ் ஸ்லைஸ் 4.

● கத்தரிக்காய், குடைமிளகாய், வெங்காயத்தை அரை செ.மீ. கனத்தில் நறுக்குங்கள். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் ஒன்றாக வேகும்.

● காய்ந்த கல்லில் இரண்டு தேக்கரண்டி மல்லாட்டை எண்ணெய் விட்டு, காயை நெருக்கமில்லாமல் பரப்புங்கள். குவித்துப் போட்டால் ஆவியில் வெந்து குழைந்துவிடும்.

● ஓரம் சிவந்த பிறகே உப்பும் மிளகுத்தூளும். முன்னதாக உப்புப் போட்டால் காய் நீர் விடும். சீஸிலும் உப்பு இருப்பதால் கொஞ்சமாகப் போடுங்கள்.

● காயை 5 நிமிடம் ஆறவிடுங்கள். ஈரம் இருந்தால் பிரெட் ஊறிப்போகும்.

● காய்க்குக் கீழே ஒரு சீஸ் ஸ்லைஸ், மேலே ஒன்று வையுங்கள். உருகி இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். சீஸுக்குப் பதில் பனீர் வைத்தால் உருகாது.

● பிரெட்டின் வெளிப்பக்கம் வெண்ணெய் தடவி, சிறுதீயில் மூடிபோட்டு 3 நிமிடம். திருப்பிப்போட்டு மூடாமல் 2 நிமிடம். தீ அதிகமானால் பிரெட் கருகும், சீஸ் உருகாது.

● உள்ளே கெட்டியான மல்லாட்டைச் சட்னி தடவினால் நம்மூர் ருசி சேரும்.

● டிபன் பாக்ஸுக்கு என்றால் நன்றாக ஆறியபின் வையுங்கள். சூட்டோடு மூடினால் மொறுமொறுப்பு போய்விடும்.