எருக்குழியில் சாம்பலைக் கொட்டலாமா?

விடியற்காலையில் மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வீசும். அது அம்மோனியா வாயு. பயிருக்குச் சேர வேண்டிய தழைச்சத்துதான் இவ்வாறு காற்றில் கலந்து வீணாகிறது.

நட்டம் சிறியதல்ல. ஒரு மாடு நாளொன்றுக்கு 8 லிட்டர் கோமியம் விடுவதாகவும், லிட்டருக்கு 7 கிராம் தழைச்சத்து இருப்பதாகவும் குறைவாகவே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 20 கிலோ ஆகிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பதும் ஏறத்தாழ இவ்வளவே.

கோமியத்திலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியமாக மாற்றுகின்றன. புளிப்புத்தன்மை இருந்தால் அது நீரிலேயே தங்கும். காரம் ஏறினால் வாயுவாகிப் பறந்துவிடும்.

இந்த இயல்பைக் கொண்டே கழிவுநீரிலிருந்து அம்மோனியாவைப் பிரித்தெடுக்க முடிகிறது. நெதர்லாந்தில் லீவார்டன் நகரிலுள்ள வெட்சஸ் ஆய்வு நிலையத்தார் சிறுநீரை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வெளியாயிற்று. தொட்டியின் நடுவே ஒரு சவ்வு, இருபுறமும் மின்தகடுகள். கழிவை உண்ணும் பாக்டீரியாக்களே மின்சாரத்தை உண்டாக்கின. மின்சாரம் பாயும்போது அம்மோனியம் சவ்வைக் கடந்து எதிர்மின் தகட்டின் பக்கம் சேர்கிறது. அங்கே காரம் மிகுவதால் வாயுவாகிறது. அவ்வாயுவை அமிலத்தில் பிடித்துக்கொள்கின்றனர். கந்தக அமிலமானால் அம்மோனியம் சல்பேட் உரமே கிடைத்துவிடும்.

சிறு விவசாயிக்கு இக்கருவி தேவையில்லை. அதன் சூட்சுமம் போதும். பல வீடுகளில் அடுப்புச் சாம்பலை எருக்குழியில் கொட்டுகிறார்கள். சாம்பல் காரமானது. எதிர்மின் தகடு செய்யும் வேலையை அது குழியில் செய்துவிடுகிறது. கிளம்பும் வாயுவைப் பிடிக்க அங்கே அமிலம்தான் இல்லை! சுண்ணாம்பும் அப்படியே. சாம்பலை நனையாமல் தனியே சேர்த்து, நேராக வயலில் இட்டால் சாம்பல் சத்தும் கிடைக்கும்.

குழியில் சேர்க்க ஏற்றது சூப்பர் பாஸ்பேட். அதன் புளிப்பு அம்மோனியாவைப் பிடித்து வைக்கும், மணிச்சத்தும் கூடும். ஜிப்சத்தைத் தொழுவத் தரையில் தூவலாம். அது அமிலமல்ல, ஆனாலும் அம்மோனியாவை அம்மோனியம் சல்பேட்டாக மாற்றித் தங்க வைக்கும். ஈரம் இருந்தால்தான் ஜிப்சம் வேலை செய்யும்.

இவற்றை வாங்க வசதியில்லாதவர்கள் மாட்டின் கீழ் வைக்கோல் கூளம், கடலைத்தோல் ஆகியவற்றைப் பரப்பி, கோமியம் ஊறியதும் அன்றன்றே குழியில் சேர்க்கலாம். குழி நிரம்பியதும் மண்ணும் சாணமும் குழைத்து மேலே பூசி மூடிவிட வேண்டும்.