தறிவீட்டில் குழந்தைக்கு அடிபட்டால்

பிள்ளையார்பாளையத்திலும் சின்ன காஞ்சிபுரத்திலும் தனிக்குடித்தனம் வந்து, சொந்தத் தறி போட்டு, சின்னக் குழந்தையும் வைத்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்குத்தான் இது. நம் வீட்டில் நெய்கிற கூடமும் குழந்தை தவழ்கிற கூடமும் ஒன்றே. கீழே தறிக்குழி, ஓரத்தில் ராட்டை, உத்தரத்தில் தூளி. கல்யாணச் சேலைக்குக் கெடு நெருங்கினால் எல்லார் கண்ணும் பாவின் மேலேயே இருக்கும்.

1. அலறல் கேட்டதும் நாடாவை வைத்துவிட்டு எழுந்திருங்கள். "இந்தப் புட்டா முடியட்டும்" என்று உட்கார வேண்டாம். ஒருவர் குழந்தையிடம் ஓடட்டும். மற்றவர் அடுப்பை அணைத்து, மூத்த பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு, தேவையென்றால் 108-ஐ அழைக்கட்டும். யார் எது என்று இன்று ராத்திரியே பேசி வையுங்கள்.

2. வெந்நீரோ, கஞ்சியோ, பட்டுநூல் வேகவைக்கும் அண்டாவோ, எதனால் சுட்டாலும் குழாய்த் தண்ணீரை அந்த இடத்தில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். மற்ற உடம்பைத் துணியால் போர்த்துங்கள், குழந்தை குளிரில் நடுங்கக் கூடாது. வளையல், காப்பு, அரைஞாண் எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை இழுக்காதீர்கள். ஐஸ், மஞ்சள், நெய், பற்பசை, இங்க், தோசைமாவு எதுவும் கூடாது. அதையெல்லாம் டாக்டர் துடைத்தெடுக்கும்போது குழந்தை மறுபடி துடிக்கும். புண் குழந்தையின் கையளவைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ கையிலோ மறைவிடத்திலோ பட்டிருந்தாலோ, சுத்தமான துணியால் மூடி நேரே அரசு தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். காயம் பெரிதென்றால் சென்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பலாம். அவ்வளவு தூரமா என்று மலைக்காதீர்கள். தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரி அது.

3. தூளியிலிருந்தோ குழிக்குள்ளோ தலைகுப்புற விழுந்தால், உடனே அழுதுவிட்டது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். இரண்டு நாள் கண்ணில் வைத்திருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத மயக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தண்ணீராக வடிதல், இவற்றில் ஒன்று கண்டாலும் நடுராத்திரியானாலும் கிளம்புங்கள். கழுத்து வலிக்கிறது என்றால் அசைக்காமல் 108 வரும்வரை காத்திருங்கள்.

4. தறியை விட்டு எழும்போதெல்லாம் குழியின் மேல் பலகை போடுங்கள்.

5. எலும்பு விஷயத்தில் நம் பக்கத்து மனிதர்களுக்கு நாட்டு வைத்தியமான புத்தூர் கட்டு மேல் பெரிய நம்பிக்கை. பெரியவர்கள் எங்கே போனாலும் போகட்டும், குழந்தைக்கு முதலில் எக்ஸ்ரே எடுங்கள். வளரும் எலும்பின் முனையில் இளம் பகுதி ஒன்று உண்டு. அது கோணலாகச் சேர்ந்தால் கை வளரும்போதும் கோணும். முழங்கை இன்னும் ஆபத்து. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டமே நின்றுவிடலாம். எந்தக் கட்டாக இருந்தாலும் விரல் நுனியைப் பாருங்கள். நீலமாகவோ சில்லென்றோ ஆனாலும், வலி கூடிக்கொண்டே போனாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

6. இதை எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்கிறேன். கோர்வைச் சேலைக்கு மறுபக்கக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அம்மா ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் அந்தக் கை இல்லை. அப்போது கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். எட்டு வயது அக்கா மேல் போகும். "ஒரு வாரந்தானே, பள்ளிக்கூடம் ஓடியா போகுது?" என்று தோன்றும். இந்த ஊரில் ஒரு காலத்தில் கோர்வைக்கு உட்கார்ந்ததெல்லாம் பிள்ளைகள்தான். என் வயதுக்காரர்களில் பலர் அப்படி ஒரு வாரத்துக்கென்று உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்பாமலே போனார்கள். தம்பிக்குக் கை ஒடிந்ததற்காக அக்காவின் படிப்பு ஒடியக் கூடாது. கூலிக்கு ஆள் கிடைத்தால் வையுங்கள், கிடைக்காவிட்டால் தறி நிற்கட்டும்.

7. சேலை தாமதமாகும் என்று முதலாளியிடமோ சங்கத்திலோ முதல் நாளே சொல்லிவிடுங்கள். காப்பீட்டு அட்டை எந்தப் பெட்டியில் என்று இருவருக்கும் தெரியட்டும்.

8. அடிபட்டது வைகாசியில் வரதர் கருட சேவை சமயமென்றால் சொந்தம் முழுக்க வீட்டில் இறங்கும். ஒவ்வொருவரும் மருமகளைப் பார்த்து, "பாத்துக்க மாட்டியாம்மா?" என்பார்கள். தம்பி, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ. "ரெண்டு பேரும் வீட்லதான் இருந்தோம் அத்தை" என்று சொல். வந்தவர்களிடம் வேலையும் கொடு. ஒருத்தர் சோறு வடிக்கட்டும், ஒருத்தர் தார் சுற்றட்டும்.

9. விளையாட்டில் மற்ற பிள்ளை தள்ளிவிட்டிருந்தால் "நீதான் பண்ணே" என்று ஊரார் முன் சொல்லாதீர்கள். அதுவும் பயந்துபோய்த்தான் இருக்கும். தம்பிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லுங்கள்.

10. மாவுக்கட்டைப் பிரித்ததும் கை மெலிந்து, மடங்காமல் இருக்கும். எண்ணெய் தேய்த்து உருவி நீட்டாதீர்கள். பந்து, சொப்பு, களிமண் எதையாவது கொடுத்தால் தானே மடக்கும். சில வாரத்திலும் வசத்துக்கு வரவில்லை என்றால் பழைய எக்ஸ்ரேயோடு அதே டாக்டரிடம் காட்டுங்கள்.