அட்மிரல் சுஃப்ரனின் இரு உருவங்கள்

1782ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் திருகோணமலையைக் கைப்பற்றினர் என்று வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரி வரும். நானும் அதனை மனனம் செய்துவிட்டுக் கடந்தவள்தான். அக்கடற்படையை நடத்திவந்த சுஃப்ரனின் உருவப்படத்தைக் கண்ட பின்னரே அந்த வரியில் ஒரு மனிதர் தெரிந்தார்.

பிரான்ஸின் வேர்சாய் மாளிகையில் உள்ள அந்தத் தைல வர்ண ஓவியத்தை 1785இல் வரைந்தவர் ரோமாபுரி ஓவியர் பொம்பெயோ பத்தோனி. ஐரோப்பியப் பிரபுக்களை வரைந்தே புகழ்பெற்ற அவருக்கு அப்போது வயது 77. இத்தகைய படங்களில் உடையும் சின்னங்களும் வெறும் அலங்காரமல்ல. அவற்றை எழுத்தைப் போல வாசிக்க வேண்டும். சுஃப்ரனின் மார்புக்குக் குறுக்கே செல்லும் நீலப் பட்டி, பிரெஞ்சு மன்னர் வழங்கிய மிக உயர்ந்த விருதின் அடையாளம். போர் முடிந்து திரும்பியவருக்கு 1784இல் வைஸ் அட்மிரல் பதவியொன்றும் புதிதாக உருவாக்கப்பட்டது. ஆக, இப்படம் அரசவை சொன்ன நன்றி.

அதே மனிதரைத் திருகோணமலையில் நேரில் கண்டவர் வில்லியம் ஹிக்கி என்ற ஆங்கிலேய வழக்கறிஞர். துறைமுகம் இன்னும் ஆங்கிலேயர் வசமே உள்ளதென நம்பி வந்து கைதியானவர் அவர். (பாவம், செய்தி கப்பலில் வந்த காலம்!) அவரது நினைவுக் குறிப்பில் வரும் சுஃப்ரன் குட்டையானவர், பருத்தவர். பழைய சப்பாத்தை வெட்டிச் செய்த செருப்பு, சரிந்து தொங்கும் காலுறை, முழங்கைக்கு மேல் சுருட்டிய கை, வியர்வையில் நனைந்த முரட்டுச் சட்டை. பார்த்தால் இறைச்சிக் கடைக்காரர் போலிருந்தாராம். ஆயினும் ஹிக்கியைக் கண்ணியமாகவே நடத்தினார்.

ஓவியம் பொய் சொல்கிறதோ என்றுதான் முதலில் எண்ணினேன். மீண்டும் பார்த்தபோது, பத்தோனி அந்தப் பருமனை மறைக்கவில்லை என்பது புலப்பட்டது. கன்னச் சதையும் தடித்த உடலும் அப்படியே உள்ளன. வியர்வையை மட்டும் துடைத்துவிட்டார். அதையும் நான் குற்றமாகக் கொள்ளவில்லை. நம் கிழக்குக் கரையின் புழுக்கத்தில் அந்தச் சரிகைச் சீருடையை யாரால் அணிந்திருக்க முடியும்?

என்னை உறுத்துவது வேறொன்று. 1782 பெப்ரவரி முதல் 1783 ஜூன் வரை ஆங்கிலேயத் தளபதி ஹியூஸுடன் அவர் ஐந்து கடற்சமர்கள் புரிந்தார். அவற்றுள் ஏப்ரல் 12, செப்டெம்பர் 3 ஆகிய நாட்களில் நடந்த இரண்டும் நமது கிழக்குக் கடலில். அங்கே மாண்ட மாலுமிகளில் எவருக்கும் பத்தோனி போன்ற ஓர் ஓவியர் வாய்க்கவில்லை. ஹிக்கி போன்ற ஒருவர்கூட அருகில் இருந்து எழுதிவைக்கவில்லை.